என் காரின் மென்பொருளில் என்ன மாற்றுகிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள்

டீசல் கார் தயாரித்து விற்கும் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவுத் தலைவர்களுக்கு, முக்கியமாகப் போன வாரம் எனக்கு மெசேஜ் அனுப்பிய கம்பெனிக்கு,

"உங்கள் வாகனத்துக்குப் புகைக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர் அப்டேட் நிலுவையில் உள்ளது. கட்டணம் இல்லை. 45 நிமிடம் ஆகும். உடனே பதிவு செய்யவும்." மெசேஜ் இவ்வளவுதான். என்ன மாறும், எதற்காக மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரி கிடையாது. இதே மாதிரி ஓர் அப்டேட்டை என்னைக் கேட்காமலே ஏற்கெனவே ஒரு தடவை என் காரில் ஏற்றியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு நான் பட்டதை எல்லாம் உங்கள் கஸ்டமர் கேர் நம்பரில் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. அதனால் இந்தத் தடவை போனில் சொல்லாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் ஒரு கம்பெனியை மட்டும் இழுத்து வைத்துப் பேசினால் மற்றவர்கள் இது நம் விஷயம் இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் வேறு வேறு கம்பெனி டீசல் கார் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அப்டேட் போடச் சொல்றாங்கண்ணே, போடலாமா வேண்டாமா?"

நான் போடிநாயக்கனூர்க்காரன். போடிமெட்டு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், பூப்பாறைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரத்துக்கு நாலு நாளாவது முந்தல் வழியாக ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போடிமெட்டு செக் போஸ்ட்டைக் கடந்து தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் அதே ரோட்டில் இறங்கி வருகிறேன். 2018-ல் வாங்கிய பிஎஸ்-4 (அப்போதிருந்த புகை விதிப்படி தயாரான) டீசல் கார். உர மூட்டை, மருந்து கேன், சில நாள் ஸ்டோரில் காய்ந்த காய் மூட்டை, கூட இரண்டு ஆள், இதுதான் அதன் வேலை. தோட்டத்தில் காய் எடை எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் டீசல் கணக்கு எழுதி வைப்பது என் பழக்கம். ஒரே பங்க், ஒவ்வொரு தடவையும் டேங்க் நிறைய, அன்றைய கிலோமீட்டர். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவையும் விட்டதில்லை.

2022-ல் வழக்கமான சர்வீஸுக்கு விட்டிருந்தேன். ஆயில், ஃபில்டர், பிரேக் பார்ப்பது, அவ்வளவுதான் சொல்லியிருந்தேன். வண்டியை எடுத்து வந்து இரண்டு நாள் கழித்துத்தான் பில்லைப் பார்த்தேன். கடைசி வரியில் 'இசியூ சாஃப்ட்வேர் அப்டேட், ரூ. 0.00' என்று இருந்தது. இசியூ என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போனில் வருவது போல ஏதோ ஒன்று என்று நினைத்தேன்.

ஆனால் மலை ரோட்டில் வண்டி மாறிவிட்டது. புலியூத்துக்கு மேலே உள்ள வளைவுகளில் முன்பெல்லாம் இரண்டாவது கியரில் இழுத்துக்கொண்டு போகும். இப்போது வளைவுக்கு நடுவில் மூச்சு வாங்குவது போல நின்று நின்று இழுக்கிறது, முதல் கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறது. பின்னால் லாரி ஏறி வரும்போது வளைவில் கியர் மாற்றுவது என்ன என்று அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அப்டேட்டுக்கு முந்தைய 14 மாதத்தில் லிட்டருக்குச் சராசரி 16.8 கிலோமீட்டர். பிந்தைய எட்டு மாதத்தில் 14.3. அதே ரோடு, அதே பாரம், அதே டிரைவர். டயர் மாற்றவில்லை.

பத்தாவது மாதம், ஜூலை மழையில், தோட்டத்திலிருந்து இறங்கும் வழியில் இன்ஜின் விளக்கு எரிந்து வண்டி சக்தியே இல்லாமல் தவழ ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. பின் சீட்டில் வேலைக்கு வந்த இரண்டு அக்காமார் இருந்தார்கள். மூடுபனியில் ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டு மெட்டு வரை அப்படியே வந்து, அவர்களை ஒரு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு ரெக்கவரி வண்டிக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடும் வால்வு) கரி பிடித்து அடைத்துக்கொண்டது, இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) முழுக்கக் கரி என்றார்கள். பில் 34,600 ரூபாய். அப்டேட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டதற்கு சர்வீஸ் அட்வைசர், "மலை ரோட்டுல ஓட்டுனா அப்படித்தான் சார் வரும்" என்றார். அதே மலை ரோட்டில் அதற்கு முன் நாலு வருஷம், 70,000 கிலோமீட்டருக்கு மேல், அந்த வால்வைக் கழற்றியதே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இதை வைத்து, அப்டேட்தான் காரணம் என்று கோர்ட்டில் என்னால் நிரூபிக்க முடியாது. வண்டிக்கும் வயதாகிறது, மழைக்காலத்தில் மைலேஜ் குறையும், எல்லாம் எனக்குத் தெரியும். நிரூபிக்க வேண்டுமானால் பழைய மென்பொருளில் எவ்வளவு இஜிஆர் திறந்தது, புதியதில் எவ்வளவு திறக்கிறது என்ற கணக்கு வேண்டும். அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் கேட்பதே அதைத்தான்.

எங்கள் ஊரில் முப்பது வருஷமாக டீசல் பம்ப் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர்தான் எனக்கு இதைப் புரிய வைத்தார். "வெளிய போற புகையில கொஞ்சத்தத் திருப்பி இன்ஜினுக்கே குடுக்குறாங்கண்ணே. உள்ள சூடு குறையும், அந்த வாயு குறையும். ஆனா கரி ஏறும். ஒண்ணக் குறைச்சா ஒண்ணு ஏறுற சமாச்சாரம் இது." அவர் வாயு என்று சொல்வது நைட்ரஜன் ஆக்சைடுகள். காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இன்ஜினுக்குள் அதிகச் சூட்டில் சேர்ந்து உண்டாவது. கண்ணுக்குத் தெரியாது. மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், வெயிலில் வேறு வாயுக்களோடு சேர்ந்து ஓசோனாகவும் மாறும். அதைக் குறைக்க மென்பொருளில் இரண்டு மூன்று வழிதான் இருக்கிறது: இஜிஆரை அதிகம் திறப்பது, டீசல் தெளிக்கும் நேரத்தைத் தள்ளிப் போடுவது, தெளிக்கும் அழுத்தத்தை மாற்றுவது. எதைச் செய்தாலும் மைலேஜிலோ இழுவையிலோ கரியிலோ எங்காவது ஓர் இடத்தில் விலை கொடுக்க வேண்டிவரலாம். அந்த விலை எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை நீங்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை. நான் கொடுத்தேன்.

புகையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. விடிகாலையில் போடியிலிருந்து தோட்டங்களுக்குக் கிளம்பும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? பின்பக்கம் திறந்த ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெருக்கி உட்கார்ந்து போவார்கள். காய் எடுக்கிற பருவத்தில் வரிசையாக ஏறும். அவர்களுக்கு முன்னால் ஏறுகிற என் காரின் பின்குழாய் விடுவதை முகத்துக்கு நேராக வாங்கிக்கொண்டு 17 வளைவும் ஏறுகிறவர்கள் அவர்கள்தான். சனி ஞாயிறில் மூணாறுக்குப் போகும் வண்டிகளும் சேர்ந்துகொண்டால் மெட்டில் புகை கலையவே நேரமாகும். என் கார் விடும் விஷம் பாதியாகக் குறையும் என்றால், லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன். உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் குறைந்ததா என்று யாராவது காட்ட வேண்டாமா?

உங்கள் வார்த்தையை மட்டும் வைத்து ஏன் நம்ப மாட்டேன் என்கிறேன் என்றால், எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டுகளில் தவேரா கார் எவ்வளவு ஓடியது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1,14,000 தவேராக்களைத் திரும்ப அழைத்தது. புகைச் சோதனையில் தன் ஊழியர்களே விதிகளை மீறியிருக்கிறார்கள் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு ஆட்களை நீக்கியது. அப்புறம் 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் வெடித்தது. வண்டி சோதனை மேடையில் நிற்கிறதா ரோட்டில் ஓடுகிறதா என்று மென்பொருளே கண்டுபிடித்து, மேடையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. உலகம் முழுக்க 1.1 கோடி வண்டி. இந்தியாவில் புனேயில் உள்ள வாகனச் சோதனை நிறுவனமான ஏஆர்ஏஐ சோதனை செய்த பிறகு அந்த ஆண்டு டிசம்பரில் 3,23,700 கார்களை மென்பொருள் மாற்றத்துக்காக அழைக்கப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. இந்திய விதி எதையும் மீறவில்லை என்பது அவர்கள் வாதம். பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது, மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது என்றது. என் கார் அந்தக் கம்பெனியுடையது அல்ல. ஆனால் அந்தக் கதையில் எனக்கு முக்கியமான இடம் அதற்குப் பிறகு ஐரோப்பாவில் நடந்ததுதான்.

அங்கே ஏமாற்று மென்பொருளை எடுத்துவிட்டு, திருத்திய மென்பொருளை அரசு அனுமதியோடு ஏற்றினார்கள். 2022 ஜூலை 14-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் திருத்திய மென்பொருளைப் பற்றியே தீர்ப்புச் சொன்னது. வெளியே வெப்பம் 15-லிருந்து 33 டிகிரிக்குள் இருந்து, இடம் 1,000 மீட்டருக்குக் கீழே இருந்தால்தான் இஜிஆர் முழுதாக வேலை செய்யும், அந்த வரம்பைத் தாண்டினால் குறைந்துவிடும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. சாதாரணமாக வண்டி ஓடும் பெரும்பகுதி நேரம் கட்டுப்பாட்டைக் குறைக்கிற இப்படிப்பட்ட ஏற்பாடும் தடை செய்யப்பட்ட வகைதான் என்று நீதிமன்றம் சொன்னது. பழுதைச் சரிசெய்ய வந்த அப்டேட்டுக்குள்ளேயே பழுது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ரோடுதான் நினைவுக்கு வந்தது. சித்திரையில் போடியில் காலை பத்து மணிக்கே வெயில் 33 டிகிரியைத் தாண்டிவிடும். போடிமெட்டு 1,000 மீட்டருக்கு மேலே. மார்கழி, தை மாதங்களில் தேவிகுளம், மூணாறு பக்கம் விடியற்காலையில் 15 டிகிரி என்பது வெதுவெதுப்பான நாள். அப்படி ஒரு வரம்பு என் காரில் எழுதப்பட்டிருந்தால், கீழே வெயிலில் கட்டுப்பாடு குறையும், மேலே உயரத்தில் குறையும், நடுவில் மலைச்சரிவில் ஏதோ அரைமணி நேரம் ஒழுங்காக வேலை செய்யும். அந்த அரைமணி நேரத்துக்காக நான் இழுவையையும் மைலேஜையும் கொடுத்தேனா? இந்தியாவுக்கு எழுதிய மென்பொருளில் இப்படி வரம்பு இருக்கிறதா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய கேள்வி இது. மூன்று தடவை கேட்டேன். "டெக்னிக்கல் டீமுக்கு ஃபார்வர்டு பண்ணிட்டோம் சார்" என்பதுதான் மூன்று தடவையும் பதில்.

பியூசி என்கிற புகைச் சோதனை சர்டிஃபிகேட் இருக்கிறதே, அதில் தெரிந்துவிடுமே என்று சிலர் சொல்கிறார்கள். தெரியாது. டீசல் காருக்குப் பியூசி எடுக்கும்போது வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் புகையின் கருமையை மட்டும்தான் அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளை அந்த மெஷின் பார்ப்பதே இல்லை. இதனால் ஒரு பெரிய கேடு நடக்கிறது, உங்களுக்கும் தெரியும். இஜிஆர் அடைத்து அடைத்துச் சலித்துப்போனவர்கள் அந்த வழியில் ஒரு தகடு வைத்து மூடிவிடுகிறார்கள். சின்ன செலவு. இழுவை திரும்பி வரும், மைலேஜ் வரும், கரி குறையும், பியூசியில் புகையும் குறைவாகவே காட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு ஏறிவிடும், ஜீப்பில் வரும் பெண்கள் அதைச் சுவாசிப்பார்கள். 34,600 ரூபாய் பில் கட்டிய மறுநாள் எனக்கும் ஒருவர் இந்த யோசனையைச் சொன்னார். வேண்டாம் என்றேன். என்னைப் போல வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களைத் தகட்டுக்குத் துரத்துவது உங்கள் மௌனம்தான். சட்டத்தை மீறுகிறார்கள் என்று அவர்களைக் குற்றம் சொல்லலாம், தவறில்லை. ஆனால் கேட்காமல் மாற்றி, கேட்ட பிறகும் சொல்லாமல், கெட்டுப்போனால் காசும் வாங்கினால் ஒரு மனுஷன் வேறு என்ன செய்வான் என்றும் யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் உங்கள் தொழிலில் உள்ளவர்களே இதை வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் உரிமையாளர்களுக்கு, காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம் அல்லது சரிசெய்து வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வழி கொடுத்தார்கள், கூடவே நஷ்ட ஈடும். ஐரோப்பாவில், அப்டேட் செய்த 24 மாதத்துக்குள் இஜிஆர் முதலான குறிப்பிட்ட பாகங்களில் அதனால் கோளாறு வந்தால், 2,50,000 கிலோமீட்டர் வரை ஓடிய வண்டிகளுக்கும் பார்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். அங்கே செய்ய முடிந்ததை இங்கே கேட்டால் மட்டும் மலை ரோட்டின் மேல் பழியா? இந்தக் காரை எனக்கு விற்கும்போது ஷோரூமில் மாட்டியிருந்த படத்தில் கார் மலை ரோட்டில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

சரி, இனி எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். இது எனக்கு மட்டும் இல்லை, டீசல் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

முதலில், உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியிலும் புகை சம்பந்தமான மென்பொருளை மாற்றாதீர்கள். வண்டி சர்வீஸுக்கு வந்திருக்கிறது என்பதற்காக அதன் மூளையைத் திறந்து மாற்ற உங்களுக்கு அனுமதி கொடுத்ததாக ஆகாது. மாற்றும் முன் ஒரு பக்கத்தில், தமிழிலும் மலையாளத்திலும், எங்கள் பக்கம் இரண்டும் வேண்டும், என்ன மாறுகிறது என்று எழுதிக் கொடுங்கள்: நைட்ரஜன் ஆக்சைடு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, மைலேஜும் இழுவையும் என்ன ஆகும், வெப்ப வரம்போ உயர வரம்போ இருக்கிறதா, இருந்தால் எத்தனை டிகிரி, எத்தனை மீட்டர். பழைய மென்பொருளின் கேலிப்ரேஷன் எண்ணும் (எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்) புதியதன் எண்ணும் ஜாப் கார்டில் அச்சாக வேண்டும். ஸ்கேனரை மாட்டினால் அந்த எண் தெரியும், எழுதுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அப்டேட்டுக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், எவ்வளவு ஓடிய வண்டியாக இருந்தாலும், இஜிஆர் வால்வு, அதன் கூலர், இன்டேக் மேனிஃபோல்டு, இன்ஜெக்டர், டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியானால் அதுவும் உங்கள் செலவு. உங்கள் மென்பொருள் மேல் உங்களுக்கே நம்பிக்கை இருந்தால் இதில் உங்களுக்கு நஷ்டம் வராது. ஏற்கெனவே கேட்காமல் அப்டேட் செய்து, பிறகு இந்தப் பாகங்களுக்குப் பணம் வாங்கிய வண்டிகளின் பட்டியலை எடுத்து, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். என் பில் என்னிடம் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யும் குறைபாடு இருந்தாலும் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. அந்த அதிகாரம் இருக்கும்போது, புகை சம்பந்தமான மென்பொருள் மாற்றத்தைச் சர்வீஸ் பில்லின் கடைசி வரியில் பூஜ்ஜியம் ரூபாய் என்று போட்டுக் கம்பெனிகள் முடித்துக்கொள்ள விடக் கூடாது. அப்படி ஒவ்வொரு மாற்றத்தையும் உங்களிடம் பதிவு செய்ய வைத்து, முன் பின் அளவுகளைப் பொதுவில் வையுங்கள். சோதனை மேடையில் மட்டும் பார்க்காமல் கருவியை வண்டியில் கட்டி ரோட்டில் ஓட்டியும் பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து புதிய வண்டிகளுக்கு ரோட்டுச் சோதனை வந்துவிட்டது, பழைய பிஎஸ்-4 வண்டிகளுக்குப் போடும் அப்டேட்டுக்கும் அது வேண்டும். ஓரகடத்தில் அரசின் சோதனை மையம் இருக்கிறது. ஒரு சித்திரை நாளில் போடியிலிருந்து மெட்டுக்கும், ஒரு தை மாத விடியலில் மெட்டிலிருந்து தேவிகுளத்துக்கும் ஒரு வண்டியை ஓட்டி அளந்தால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். என் காரையே தருகிறேன், டீசலும் நானே போடுகிறேன்.

அதுவரை, போடலாமா வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இது: அப்டேட்டையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், தகடும் வைக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வந்த பிறகு போடுங்கள்.

கம்பெனிக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் 18-ம் தேதி காலை பத்து மணிக்கு ஆயில் மாற்ற நேரம் பதிவு செய்திருக்கிறேன். அதற்குள் மேலே கேட்ட அந்த ஒரு பக்கம் என் கைக்கு வந்தால் அப்டேட்டுக்கும் அன்றே கையெழுத்துப் போடுகிறேன். வராவிட்டால், "மென்பொருளைத் தொடக் கூடாது" என்று ஜாப் கார்டில் என் கையாலேயே எழுதி, உங்கள் அட்வைசரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுப்பேன்.

போடிநாயக்கனூரிலிருந்து,
ஒரு டீசல் கார் உரிமையாளர்